தலைத்தீபாவளிக் கோலப்பொடி

டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா
13 அக்டோபர் 2024

அன்புள்ள மோகனாவுக்கு,

கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிடாதே. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் சண்டை வருகிறது. அப்புறம் நீ காணாமல் போகிறாய், இல்லாவிட்டால் நான் போகிறேன். தாளில் எழுதினால் நடுவில் புகுந்து மறுத்துப் பேச முடியாது பார், அதற்காகத்தான். தபால் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். இரண்டு வருஷம் சும்மா கிடந்தவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமா?

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என் ஆய்வுத் திட்டத்தை இன்னும் நான்கு வருஷம் நீட்டிக்கப் பேச்சு நடக்கிறது. களவேலைக்கு ஓர் ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். கொசு பிடிக்கவும், பிடித்த கொசுவை அறுத்துப் பார்க்கவும் தெரிந்த ஆள் வேண்டும். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? 'மனைவி என்பதற்காகக் கேட்கவில்லை' என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். மனைவி என்பதற்காகத்தான் கேட்கிறேன். வந்துவிடு, மோகனா.

2022இல் நான் கிளம்பும்போது 'இந்தக் கொசு சீசன் முடியட்டும், வருகிறேன்' என்றாய். அது முடிந்து அடுத்தது வந்தது. நானும் வீம்பாக இருந்துவிட்டேன். இங்கே வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. சமைத்ததை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன். எனக்கு இது அலுத்துப்போய்விட்டது.

நேற்று இங்குள்ள மாணவர்களுக்கு நம் சந்து பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பினாங்கில் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் அந்தக் குறுகல் சந்து, 2019. விளக்கடித்தால் மின்னுகிற ரோஸ் தூள் பூசிய கொசுக்களை நீ டப்பாவைத் திறந்து பறக்கவிட்டதும் ஹபீபா பீவி துடைப்பத்தோடு ஓடி வந்தார்களே! "ஏம்மா, ஊரே கொசுவ அடிச்சிக்கிட்டு இருக்கு, நீ டப்பாவுல கொண்டாந்து விடுறியா? பைத்தியமா லா ஒனக்கு?" அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து நான்தான் விளக்கினேன். டிங்கிக் கிருமி கொசுவின் உடம்பில் ஊறிப் பரவக் கிட்டத்தட்டப் பத்து நாள் வேண்டும், அதற்குள் செத்துப்போகிற கொசு கடித்தால் அரிப்போடு சரி, வயதான கொசுதான் ஆளைச் சாய்க்கும் என்றேன். தூள் பூசி விட்டுவிட்டு, தினமும் பிடித்துப் பார்த்து அதில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் அந்தச் சந்தில் கொசு எத்தனை நாள் வாழ்கிறது என்று கணக்குப் போடலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்குப் போயி ரெண்டு பேரு படிச்சிட்டு வந்தீங்களா?" என்றார்கள். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சந்தில் மட்டும் கொசுக்கள் மூன்று வாரம் தாண்டியும் வாழ்கின்றன என்று நாம் எழுதியதால்தான் எனக்கு இந்த வேலை. பாதி உன் உழைப்பு. மார்ச்சுக்குள் வருவதாக இருந்தால் இப்போதே விசாவுக்கு எழுதிப்போட வேண்டும். பதில் போடு. திட்டியாவது போடு.

என்றும் உன்,
யுகேந்திரன்


கெலுகோர், பினாங்கு
10 நவம்பர் 2024

அன்புள்ள யுகேன்,

திட்டியாவது போடு என்று நீயே சொல்லிவிட்டதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன். எட்டு மாதமாக ஒரு போன் கிடையாது. என் பிறந்தநாளுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். கட்டைவிரல்! பக்கத்து வீட்டுக்காரர் கறிவேப்பிலை கேட்டால் நான் அனுப்புகிற படம் அது. அன்றைக்கு அழுதேன், தெரிந்துகொள்.

தீபாவளிக்கு தாசேக் கெலுகோர் போய் உன் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நீ இல்லாமல் மருமகள் மட்டும் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அத்தை ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. நான் கிளம்பும்போது முறுக்கு டின்னைக் கையில் கொடுத்துவிட்டு, "அவன் வருவான்னு பாத்துக்கிட்டு இருக்காதம்மா, நீ போயிரு. ரெண்டு பேரும் ஒரே வீட்ல சண்ட போடுங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வருகிறேன், யுகேன். மார்ச்சில் வருகிறேன். விசாவுக்கு எழுதிப்போடு.

உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வருகிற ஜனவரியில் ஆரம்பிக்கிற ஆய்வுக்கு நான்தான் தலைமை. முதல் தடவையாக என் பெயரில் வந்திருக்கிறது. அதை கோகுலனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வர வேண்டும். நம் துறைக்கு நீ போன பிறகு வந்த பையன் அவன், கெட்டிக்காரன், பார்த்துக்கொள்வான். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் வருகிறேன்.

இன்னொரு சங்கதி, சின்ன விஷயம்தான். ஜனவரி ஆய்வுக்கு ஒத்திகையாகப் போன வாரம் நம் பழைய சந்தில் கொஞ்சம் கொசு பிடித்தேன். தூள் பூசுவதோ பறக்கவிடுவதோ எதுவும் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் நீல விளக்கை அடித்துப் பார்த்தால் மூன்று கொசு ரோஸ் நிறத்தில் மின்னுகிறது! ஒன்றையும் நாம் விடவில்லையே, பிறகு எங்கிருந்து வந்தது? 2019இல் விட்டது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கோகுலன் கிண்டல் செய்கிறான். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
மோகனா


டவுன்ஸ்வில்
25 நவம்பர் 2024

என் மோகனாவுக்கு,

'வருகிறேன்' என்று நீ எழுதிய இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். விசாவுக்கு அன்றைக்கே எழுதிப்போட்டுவிட்டேன். கட்டைவிரலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரம் ஏதோ கூட்டத்தில் இருந்தேன் என்று சொல்ல வந்தேன், அதுவும் சமாதானம்தான். விட்டுவிடுகிறேன்.

உன் ஆய்வைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்காக விட்டுவிட்டு வருகிறாய் என்று புரிகிறது. இங்கே வந்ததும் உன் பெயரில் வேறொன்று எழுதுவோம்.

ரோஸ் கொசுவைப் பற்றிக் கவலைப்படாதே. கொசுவை உறிஞ்சிப் பிடிக்கிற குழாயைக் கடைசியாக எப்போது கழுவினாய், அம்மா? பழைய தூள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். உன் சாமான்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன் காரில் பின்சீட்டைத் தட்டினாலே ஒரு கைப்பிடி ரோஸ் தூள் கிடைக்கும்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. உனக்கென்று ஒரு மின்விசிறி வாங்கப் போகிறேன்.

உன்,
யுகேன்


கெலுகோர்
12 டிசம்பர் 2024

அன்புள்ள யுகேந்திரன் அவர்களுக்கு,

குழாய் புதிது. காரைப் போன வருஷமே விற்றுவிட்டேன். நீங்கள் சிரித்துத் தள்ளிவிட்டதால், நானே தேடிக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மறுபடியும் சந்துக்குப் போனேன். நீல விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசல்களை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் நடந்தேன். ஹபீபா பீவி வரிசையிலேயே, ஜெயலெட்சுமி அக்கா வீட்டு வாசலில் நின்றபோது தரை முழுவதும் மின்னியது. தீபாவளிக் கோலத்தைக் கூட்டித் தள்ளிவிட்டார்கள், ஆனால் ஓடுகளின் இடுக்கிலும் செருப்பு வைக்கும் பலகையின் அடியிலும் பொடி அப்படியே இருக்கிறது. அந்தப் பலகைக்கு அடியில்தான், இருட்டாக இருக்கிறதே, கொசுக்கள் பகல் பூராவும் உட்கார்ந்திருக்கின்றன. அக்காவிடம் கேட்டேன். "இருட்டுல மின்னுற பொடிம்மா. நீயும் யுகேன் தம்பியும் இங்க இருந்தீங்களே, அந்த வருஷத்துலேருந்து இதான் போடுறேன். நீங்கதானே வாங்கிட்டு வந்து காட்டுனீங்க?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சொன்னது சரி. அது நம் தலைத்தீபாவளி. ஒரு நாள் கொசு பிடிக்காமல் விட்டாலும் கணக்குக் கெட்டுவிடும் என்று என் அம்மா வீட்டுக்குக் கூடப் போகாமல் சந்திலேயே தங்கினோம். என் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் கடைக்குப் போய் ஒரு பை ரோஸ் பொடி வாங்கிக்கொண்டு வந்தீர்கள். "புதுசா வந்திருக்காம். நம்ம தூள் மாதிரியே இருக்கு பாரு" என்றீர்கள். நான் அக்கா வாசலிலிருந்து ஹபீபா பீவி வாசல் வரைக்கும் தாமரை தாமரையாகப் போட்டேன். நாம் கொசு பிடிக்கிற இடத்திலேயே! படித்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தோம், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டேன். கூண்டுக்குள் ஒரு தட்டில் கோலப்பொடியைத் தூவி வைத்தேன். விடிந்து பார்த்தால் கொசுக்களின் காலில் மட்டும் ரோஸ். நாம் தூள் பூசியதற்கு முதுகு, நெஞ்சு எல்லாம் ரோஸாக இருக்கும். சந்தில் பிடித்த கால்-ரோஸ் கொசுக்களின் வயிற்றையும் திறந்து பார்த்தேன். முட்டையிட்ட கொசுவுக்குச் சூலகத்தின் மெல்லிய குழாய்கள் சுருள் பிரிந்து கிடக்கும். இவற்றுக்கு எல்லாம் சுருண்டபடியே இருக்கிறது. ஒரு தடவைகூட முட்டையிடாத இளசுகள். மூன்று வாரம் வாழ்ந்தவை என்று நாம் எண்ணியவை, கோலத்தில் கால் வைத்துவிட்டு வந்த இப்படிப்பட்டவைதான். 2019இல் பிடித்து உலர்த்தி வைத்தவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். தீபாவளிக்குப் பிறகு பிடித்ததில் முக்கால்வாசிக்குக் காலில் மட்டும்தான் நிறம். அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் நம் சந்துக் கொசு மற்ற ஊர்க் கொசு வாழ்கிற அளவுதான் வாழ்கிறது. ஓர் அதிசயமும் இல்லை.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? அப்போதே நான் கேட்டேன். "இதுக்குக் கால்ல மட்டும்தான் இருக்கு, முதுகுல இல்லையே, இது நம்மளோடதா?" நீங்கள் கணினியை விட்டுத் தலையை நிமிர்த்தாமல், "உதிர்ந்திருக்கும் லா, எண்ணு" என்றீர்கள். நானும் எண்ணினேன்.

இது நம் இருவருக்குள் முடிகிற விஷயம் இல்லை. நம் கட்டுரையை வைத்துக்கொண்டு இங்கே கொசுவுக்குப் புகை அடிக்கிற சுகாதாரக்காரர்கள் தெருப் பட்டியலை மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. கிழட்டுக் கொசு இருக்கும் இடம் என்று நம் சந்துக்கும் அதைச் சுற்றியும் விடாமல் அடிக்கிறார்கள், அதற்காக நாலைந்து தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹபீபா பீவியின் மகள் ஃபஸீலா அப்படி எடுத்த தெருவில்தான் குடியிருக்கிறாள். போன வாரம் டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது தேறிவிட்டாள். நம்மால்தான் வந்தது என்று சொல்லவில்லை, யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவளைப் பார்க்கப் போனபோது என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

நம் கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதித் திருத்தம் போட வேண்டும். நீங்கள் முதல் ஆசிரியர், நீங்கள் எழுதாமல் நடக்காது. உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மோகனா


டவுன்ஸ்வில்
27 டிசம்பர் 2024

அன்புள்ள மோகனா,

'அவர்களுக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே எவ்வளவு கோபம் என்று தெரிந்துவிட்டது.

நானும் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். நீ சொன்னது அத்தனையும் சரி. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. 'எண்ணு' என்று நான் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கொசுக்கள் நம்முடையவையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். முடிவு அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது.

திருத்தத்தை நான் எழுதுகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். என் திட்டக் குழுவிடமும் நானே சொல்ல வேண்டும், அது கொஞ்சம் சங்கடமான பேச்சு. ஜனவரிக்குள் அனுப்பிவிடுவேன், சத்தியமாக. நீ கிளம்புகிற வேலையைப் பார்.

விசா வந்துவிட்டது. மார்ச் எட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இவ்வளவு நடந்த பிறகும் வருவாய்தானே?

யுகேன்


கெலுகோர்
16 ஜனவரி 2025

அன்புள்ள யுகேன்,

வருவேன். வராமல் எங்கே போவேன்?

உன் கடிதத்தைப் படித்தேன். என் மனசில் ஒரு பயம் இருந்தது, இப்போது சொல்லலாம். நீ இல்லவே இல்லை என்பாய், ஏதாவது கணக்குக் காட்டி என்னை மடக்குவாய் என்று நினைத்தேன். நீ 'சரி' என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டாய். கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆளைத் திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. போன கடிதத்தில் அப்படி மரியாதை போட்டு எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு அத்தை வீட்டில் இருந்தேன். உனக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். "நாலு ஊறுகாய்க்கு அந்தக் கவர்மெண்டு என்ன கெட்டுப்போயிருது?" என்று எனக்கே சண்டை. மாமா, பெட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லி முந்நூறு வெள்ளிப் பணத்தைப் பையில் திணித்துவிட்டார்.

கோகுலனிடம் ஆய்வை ஒப்படைத்துவிட்டேன். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூண்டுகள் இருக்கும் அறைச் சாவியைக் கொடுக்கும்போது கொஞ்சம் கை வரவில்லை. அவன் நல்ல பையன், "அக்கா, பேரு உங்களுதாவே இருக்கட்டும்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் இல்லாதவள் பெயர் எதற்கு?

சந்துக்காரர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கோலத்தால் நாங்கள் ஏமாந்துபோனோம், உங்கள் கொசு எல்லாக் கொசுவையும் போலத்தான் என்றேன். ஹபீபா பீவி, "அப்ப எங்க கொசு சீக்கிரமே மௌத்தாப் போவுது. நல்ல சேதிதானேம்மா, அதுக்கு ஏன் மூஞ்சிய தொங்கப் போடுறே?" என்றார். ஃபஸீலாவின் தெருவைப் பற்றிச் சொன்னேன். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

புகை அடிக்கிற அலுவலகத்திலும் போய்ப் பேசிப் பார்த்தேன். "கட்டுரையில திருத்தம் வரட்டும் மேடம், அதக் காட்டித்தான் பட்டியல மாத்த முடியும்" என்கிறார்கள். அதனால் நீ அனுப்பியதும் சொல். என்ன எழுதினாய் என்று நான் பார்க்க வேண்டியதில்லை. நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

இன்னும் எட்டு வாரம்கூட இல்லை. எனக்குப் படபடப்பாக இருக்கிறது, யுகேன். பெண் பார்க்க வருகிற மாதிரி இருக்கிறது, இந்த வயதில்.

உன்,
மோகனா


டவுன்ஸ்வில்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள மோகனா,

இந்தக் கடிதம் வருவதற்குள் பத்திரிகையிலிருந்து உனக்கு மின்னஞ்சல் வந்துவிடும் என்று நினைக்கிறேன். திருத்தத்துக்கு உன் சம்மதம் கேட்பார்கள். அதைப் படிக்கும்போது என்மேல் கோபம் வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அதில் இப்படி இருக்கும்: 'களப்பணிக்குப் பொறுப்பான இரண்டாம் ஆசிரியர், ஆய்வு நடந்த இடத்திலேயே ஒளிரும் வண்ணப்பொடியைப் பயன்படுத்தியதாலும், பிடிபட்ட கொசுக்களின் அடையாளத்தைச் சரியாகப் பிரித்தறியாததாலும் இப்பிழை நேர்ந்தது. கணக்கீட்டு முறையில் பிழை இல்லை.'

திட்டக் குழு கேட்டது ஒரே கேள்விதான். தவறு கணக்கிலா, களத்திலா? கணக்கில் என்றால் நீட்டிப்பு கிடையாது, என் வேலை ஜூனோடு முடிகிறது, விசாவும் முடிகிறது. களத்தில் என்றால் போய்க்கொண்டே இருக்கலாம். உனக்கு அங்கே நிரந்தர வேலை, ஒரு திருத்தத்தால் யாரும் உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். எப்படியும் நீ இங்கே வரத்தானே போகிறாய்? எனக்காக மட்டும் இதைச் செய்யவில்லை, மோகனா. இந்த வேலை போனால் நீ வந்து இறங்க வீடே இருக்காது.

நான் எண்ணச் சொன்னதை எழுதவில்லை. பொடி வாங்கியது நான் என்றும் எழுதவில்லை. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் உன்னிடம் கேட்க வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் என்னால் அனுப்ப முடியாது. அதனால் வைத்துவிட்டேன்.

தயவுசெய்து சம்மதம் கொடு. எட்டாம் தேதி விமான நிலையத்தில் நிற்பேன். நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

யுகேன்


கெலுகோர்
24 பிப்ரவரி 2025

யுகேன்,

மின்னஞ்சல் உன் கடிதத்துக்கு ஆறு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டு படித்தேன். 'இரண்டாம் ஆசிரியர்' யார் என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவே இல்லை.

அன்றைக்கு மத்தியானமே சம்மதம் கொடுத்துவிட்டேன். மறுத்து எழுதினால் பத்திரிகைக்காரர்கள் விசாரிப்பார்கள், நீ பதில் எழுதுவாய், நான் எழுதுவேன், அப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். அதுவரை அந்த நாலைந்து தெருவும் பட்டியலுக்கு வெளியே கிடக்கும். கோலம் போட்டது நான், எண்ணியதும் நான். அந்த வாக்கியத்தில் பொய் என்று ஒன்றும் இல்லையே. திருத்தம் இணையத்தில் வெளிவந்ததும் அச்செடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்தேன். நேற்று ஃபஸீலாவின் தெருவில் புகை அடித்தார்கள். அவள் அம்மா போன் செய்து, "ஒரே பொகையா இருக்கும்மா, இருமி இருமித் தொண்ட போச்சு, நல்லா இரு" என்றார்.

கோகுலனிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அவன் உடனே சரி என்றான். துறைத் தலைவர்தான், திருத்தத்தைப் படித்திருக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல், "இந்த நேரத்துல வேணாம் மோகனா, ஒரு ரெண்டு மூணு வருஷம் போகட்டும்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். இனி கோகுலன் பிடித்துவருகிற கொசுவை நான் அறுத்துப் பார்த்துச் சொல்வேன். அந்த வேலையும் எனக்குப் பிடித்ததுதான்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நீ விமான நிலையத்துக்குப் போக வேண்டாம். அத்தை மாமாவிடம் நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், நீ போனில் சொன்னால் அவர்கள் தாங்க மாட்டார்கள். மாமா கொடுத்த பணத்தையும் கொடுத்துவிட்டு வருகிறேன். என்ன காரணம் என்று கேட்டால் மோகனாவுக்கு இங்கேதான் மனம் ஒட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நீயும் அதையே சொல். உன்னைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. இப்போது வருத்தம் மட்டும்தான் இருக்கிறது, அது எப்போது தீரும் என்று தெரியவில்லை. நீ வேலையைக் காப்பாற்றிக்கொண்டது எனக்குப் புரிகிறது. உன் இடத்தில் இருந்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அந்த வேலை உனக்கு நிலைக்கட்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் அன்றைக்குப் போனைக் கையில் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அப்போது என்னை அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? முதலில் கத்தியிருப்பேன். ஒரு பத்து நிமிஷம் அழுதிருப்பேன். அப்புறம் நானே, "சரி, எம்பேரப் போட்டுக்கோ, ஒன் வேல போச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போறது?" என்று சொல்லியிருப்பேன். நீ எழுதி அனுப்பிய அதே வாக்கியத்தை நானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன், யுகேன். பெட்டியையும் கட்டிக்கொண்டு வந்திருப்பேன். என்னைப் பற்றி உனக்கு அதுகூடத் தெரியவில்லை. அது தெரியாத ஆளோடு அங்கே வந்து நான் எப்படிக் குடித்தனம் பண்ணுவேன்?

மோகனா